கரன்சி டிரேடிங்கில் இறங்குவதற்கு முன்: புதியவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 2005-இல் சேர்ந்தேன். பில் எல்லாம் டாலரில் வரும், நூலுக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் ரூபாயில் கொடுக்க வேண்டும். அதனால் காலையில் அலுவலகம் வந்ததும் டாலர் என்ன விலை என்று பார்ப்பதுதான் இத்தனை வருடமாக என் முதல் வேலை. சமீப காலமாக, தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் ஃபோனை நீட்டி "இந்த ஆப்ல போடலாமா அக்கா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

கரன்சி டிரேடிங் என்றால் என்ன?

ஒரு நாட்டின் பணத்தைக் கொடுத்து இன்னொரு நாட்டின் பணத்தை வாங்குவது. பிறகு விலை மாறும்போது திருப்பி விற்று, வித்தியாசத்தை லாபமாகவோ நஷ்டமாகவோ எடுத்துக்கொள்வது. பங்குச் சந்தையில் ஒரு கம்பெனியின் பங்கை மட்டும் பார்த்தால் போதும். இங்கே எப்போதும் இரண்டு பணம் சேர்ந்தே வரும், அதனால்தான் 'பேர்' என்கிறார்கள். டாலர்–ரூபாய் 85.50 என்றால் ஒரு டாலருக்கு 85 ரூபாய் 50 பைசா. டாலர் ஏறும் என்று நினைப்பவர் வாங்குவார், இறங்கும் என்று நினைப்பவர் விற்பார்.

எப்போதும் இரண்டு விலை இருக்கும்: உங்களிடம் வாங்கும் விலை, உங்களுக்கு விற்கும் விலை. விமான நிலையத்தில் பணம் மாற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இடையில் உள்ள வித்தியாசம்தான் ஸ்பிரெட். நீங்கள் டிரேடுக்குள் நுழைந்த நொடியிலேயே அந்த அளவு நஷ்டத்தில்தான் நிற்கிறீர்கள்.

இந்தச் சந்தையில் யார்தான் இவ்வளவு வாங்கி விற்கிறார்கள்?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கும் சர்வதேசத் தீர்வு வங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இதைக் கணக்கெடுக்கிறது. 2022 ஏப்ரல் கணக்கில் உலகம் முழுக்க ஒரு நாளைக்கு 7.5 லட்சம் கோடி டாலர். அதில் 88 சதவீத வர்த்தகத்தில் ஒரு பக்கம் அமெரிக்க டாலர் இருந்தது. விளம்பரங்கள் இந்தப் பெரிய எண்ணைக் காட்டித்தான் ஆசை மூட்டுகின்றன. ஆனால் இதில் ஏறத்தாழ பாதி, நிதி நிறுவனங்கள் பணத்தைக் கொஞ்ச காலத்துக்கு மாற்றிக்கொள்ளும் 'ஸ்வாப்'. மீதியிலும் பெரும் பங்கு வங்கிகளுக்கும் நிதிகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் உரியது. வீட்டிலிருந்து ஃபோனில் டிரேட் செய்பவருக்கு எதிரே இருப்பது முழு நேரமும் இதையே தொழிலாகச் செய்யும் அறைகள். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற கேள்விகளுக்குப் போகலாம்.

இந்தியாவில் இது சட்டப்படி சரியா?

சரியான இடத்தில் செய்தால் சரி. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது 1999-இல் வந்த ஃபெமா, இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற வங்கியிடம் செய்யலாம். அங்கீகரிக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சில் (பங்குச் சந்தையில்), அதைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவான புரோக்கர் மூலம் செய்யலாம். ரிசர்வ் வங்கி அனுமதித்த மின்னணு வர்த்தகத் தளத்தில் செய்யலாம். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் வெளிநாட்டு ஆப்பில் பணம் கட்டி ஃபாரெக்ஸ், அதாவது கரன்சி, டிரேட் செய்தால் அது சட்ட மீறல். சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க ஃபெமாவில் இடமிருக்கிறது.

"வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வெளியே அனுப்பலாமே, அந்தக் கணக்கில் அனுப்பினால்?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தத் திட்டம் படிப்பு, மருத்துவம், பயணம், முதலீடு போன்றவற்றுக்கு. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கோ தரகருக்கோ மார்ஜின், அதாவது டிரேடுக்கு ஈடாக வைக்கும் முன்பணம், கட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது.

என் நண்பன் யூரோ–டாலர் ஆப்பில் செய்கிறான், ஒன்றும் ஆகவில்லையே?

யூரோ–டாலர் என்ற பேர் குற்றமில்லை. தேசியப் பங்குச் சந்தையிலேயே 2018-இல் அது அறிமுகமானது. லாபநஷ்டம் ரூபாயில் தீர்க்கப்படும். எந்த இடத்தில் செய்கிறான் என்பதுதான் கேள்வி. பணம் யுபிஐ மூலம் யாரோ ஒரு தனியாள் பெயருக்கோ, கேள்விப்படாத டிரேடர்ஸ் கணக்குக்கோ போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படிப் போனால் அது மோசடிப் பணத்தைச் சுற்றிவிடும் கணக்காக இருக்க வாய்ப்பு அதிகம். நாளை அந்தக் கணக்கைப் போலீஸ் முடக்கினால், அதோடு பணப் பரிமாற்றம் வைத்திருந்த உங்கள் நண்பனின் கணக்கும் சேர்ந்து முடங்கலாம்.

ஒரு ஆப் உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் அனுமதி பெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது, அனுமதி பெற்ற மின்னணுத் தளங்களின் பட்டியலும் இருக்கிறது. இவை தவிர, அனுமதி இல்லாதவர்களின் 'எச்சரிக்கைப் பட்டியல்' ஒன்றும் உண்டு. 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு தொடங்கி, பிறகு பல முறை நீண்டிருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அந்த ஆப் அனுமதி பெற்றது என்று ஆகிவிடாது. அதையும் ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கிரிக்கெட் ஒளிபரப்பில் விளம்பரம் வருவதும், தெரிந்த முகம் ஒன்று யூடியூபில் பேசுவதும் அனுமதி ஆகாது.

அப்படியானால் எக்ஸ்சேஞ்சில் டாலர்–ரூபாய் செய்யலாம்தானே? 2024-இல் ஏதோ மாறியது என்கிறார்களே?

இதுதான் பழைய வீடியோக்களைப் பார்த்துப் படிப்பவர்களுக்குத் தெரியாமல் போகும் விஷயம்.

2008 ஆகஸ்டில் தேசியப் பங்குச் சந்தையில் டாலர்–ரூபாய் ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசிக்கொள்ளும் ஒப்பந்தம், தொடங்கியது. அப்புறம் யூரோ, பவுண்ட், யென் வந்தன, பேசிய விலையில் விரும்பினால் மட்டும் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன்ஸ் வந்தது. சிறு டிரேடர்கள் ஏராளமாக உள்ளே வந்தார்கள். 2024 ஜனவரி 5-இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தத்தில் நுழைகிறவருக்கு, அதற்கு அடிப்படையாக உண்மையான வெளிநாட்டுப் பண வரவோ செலவோ இருக்க வேண்டும். பத்து கோடி டாலர் வரை ஆவணம் காட்ட வேண்டியதில்லை, ஆனால் அந்த வரவு செலவு இருந்தாக வேண்டும். அடிப்படை விதி முன்பே இருந்ததுதான் என்பது ரிசர்வ் வங்கியின் விளக்கம். ஆனால் ஆவணம் கேட்காததை அனுமதி என்று எடுத்துக்கொண்டு பல வருடம் சந்தை நடந்துவிட்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் புரோக்கர்கள் வாடிக்கையாளர்களுக்கு அவசர அவசரமாக மின்னஞ்சல் அனுப்பினார்கள், கையில் இருந்ததை முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கடைசி நேரத்தில் சுற்றறிக்கை அமலுக்கு வரும் தேதி மே 3-க்குத் தள்ளிப்போனது. அதன் பிறகு எக்ஸ்சேஞ்சில் கரன்சி வர்த்தகம் பெருமளவு வற்றிவிட்டது.

ஆக, ஏற்றுமதி செய்பவர், இறக்குமதி செய்பவர், வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் டாலரில் சம்பளம் வாங்கும் ஃப்ரீலான்சர் போன்றவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. "சும்மா ஏறுமா இறங்குமா என்று விளையாடிப் பார்க்கிறேன்" என்பவருக்கு ரூபாய் பேர்களில் இடமில்லை. இது பலருக்குக் கசக்கிறது. என் கருத்தில் இது நல்லதுதான். இந்தச் சந்தை யாருக்காக உருவானதோ அவர்களுக்கு அது இப்போதும் பயன்படுகிறது.

லாட், டிக், மார்ஜின் எல்லாம் ஒரு கணக்கில் புரியவைக்க முடியுமா?

லாட் என்பது வாங்கி விற்கும் குறைந்தபட்ச அளவு, டாலர்–ரூபாயில் அது 1,000 டாலர். விலை 0.25 பைசா வீதம் நகரும், அதுதான் டிக். ஒரு டிக் நகர்ந்தால் உங்களுக்கு இரண்டரை ரூபாய் வித்தியாசம். ஒரு பைசாவுக்குப் பத்து ரூபாய், ஐம்பது பைசாவுக்கு 500 ரூபாய். டாலர் 85 ரூபாயாக இருந்தால் ஒரு லாட்டின் மதிப்பு 85,000 ரூபாய். அதற்கு முழுப் பணமும் கட்ட வேண்டியதில்லை, சில ஆயிரம் ரூபாய் மார்ஜின் போதும். மாதக் கடைசி வேலை நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்னால் ஒப்பந்தம் முடியும். டாலர் நோட்டு எதுவும் கைக்கு வராது, அன்றைக்கு அதிகாரபூர்வமாக வெளியாகும் குறிப்பு விலையை வைத்து வித்தியாசம் ரூபாயில் தீரும். சந்தை நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை.

'1:500 லிவரேஜ்' என்று விளம்பரம் வருகிறதே, அது சாதகம்தானே?

பத்தாயிரம் ரூபாய் போட்டால் ஐம்பது லட்சம் ரூபாய்க்கு டிரேட் செய்யலாம் என்பது அதன் பொருள். ஐம்பது லட்சத்தில் 0.2 சதவீதம் எவ்வளவு? பத்தாயிரம். அதாவது விலை உங்களுக்கு எதிராக 0.2 சதவீதம் நகர்ந்தால் போட்டது முழுக்கக் காலி. யூரோ–டாலர் விசேஷமாக எதுவும் நடக்காத ஒரு நாளிலேயே அந்த அளவுக்கு மேல் ஏறி இறங்கும். உங்கள் கணிப்பு கடைசியில் சரியாகவே இருந்தாலும், வழியில் வரும் சின்ன அசைவிலேயே நீங்கள் வெளியேற்றப்பட்டுவிடுவீர்கள். சாயங்காலம் விலை நீங்கள் சொன்ன இடத்துக்கே வந்து நிற்கும். பணம் மட்டும் இருக்காது.

ஐரோப்பாவின் கண்காணிப்பு அமைப்பு 2018-இல் முக்கியக் கரன்சிகளுக்கு 1:30-க்கு மேல் சாதாரண மக்களுக்குத் தரக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. கரன்சி உட்பட இந்த வகை ஒப்பந்தங்களில் சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டம் அடைகின்றன என்பது அவர்கள் அப்போது சொன்ன காரணம்.

ஸ்டாப் லாஸ் போட்டுக்கொண்டால் பயமில்லையே?

கட்டாயம் போட வேண்டும். ஆனால் அது 'இந்த விலை வந்ததும் விற்றுவிடு' என்ற கட்டளைதான், அந்த விலை கிடைக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. 2015 ஜனவரி 15-ஐப் பற்றிப் படித்துப் பாருங்கள். சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று மூன்று வருடத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்தது. அன்று காலை திடீரென்று அந்தப் பிடியை விட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே சரிந்தது. 1.19-இல் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவர்களுக்கு அந்த விலையில் வாங்க ஆளே இல்லை. போட்ட பணம் போனதோடு புரோக்கருக்குக் கடன்பட்டவர்களும் உண்டு. அல்பாரி என்ற புரோக்கரின் பிரிட்டன் நிறுவனம் அதில் திவாலானது.

ரூபாய் மதிப்பு எதனால் ஏறி இறங்குகிறது?

முதலாவது கச்சா எண்ணெய். நமக்குத் தேவையானதில் 80 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி, அதற்குக் கட்ட வேண்டியது பெரும்பாலும் டாலர். எண்ணெய் விலை ஏறினால் எண்ணெய் நிறுவனங்கள் அதிக டாலர் தேடும். அடுத்தது வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம் சந்தையில் போடும் பணமும் எடுக்கும் பணமும். மூன்றாவது அமெரிக்க வட்டி விகிதம். இத்தனைக்கும் நடுவில் ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியும் விற்றும் வேகத்தைத் தணிக்கும்.

2013 கோடைக்காலம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மே மாதம் 54, 55 ரூபாயில் இருந்த டாலர், அமெரிக்க மத்திய வங்கி பணப் புழக்கத்தைக் குறைக்கப்போகிறது என்ற பேச்சு வந்ததும் ஏறத் தொடங்கி, ஆகஸ்ட் 28-இல் 68-ஐத் தாண்டியது. ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொண்டாட்டம் என்று வெளியில் பேசினார்கள். எங்கள் அலுவலகத்தில் கொண்டாட்டம் இல்லை. பாதி ஷிப்மென்ட்டுக்கு 56-லேயே ஃபார்வர்டு புக் செய்திருந்தோம். பையர்களோ "ரூபாய் விழுந்துவிட்டதே, விலையைக் குறையுங்கள்" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். செப்டம்பரில் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக வந்து, வெளிநாடுவாழ் இந்தியர் டெபாசிட்டுகளுக்குச் சலுகை விலையில் ஸ்வாப் வசதி கொடுத்தார். அதில் சுமார் 2,600 கோடி டாலர் வந்து சேர்ந்தது, ரூபாயும் நிதானத்துக்கு வந்தது. அந்த நான்கு மாதத்தில் எங்கே உச்சம், எங்கே திரும்பும் என்று சரியாகச் சொன்ன ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. வங்கி டீலர்கள் உட்பட.

'ஃபார்வர்டு புக்' என்றால்?

ஒரு லட்சம் டாலருக்கு டி-ஷர்ட் அனுப்புகிறோம், பணம் 90 நாளில் வரும் என்று வையுங்கள். அதுவரை டாலர் எங்கே போகும் என்று தெரியாது. வங்கியிடம் "மூன்று மாதம் கழித்து ஒரு லட்சம் டாலர் தருகிறேன், இன்றே விலை சொல்" என்று ஒப்பந்தம் போடுவதுதான் ஃபார்வர்டு.

இன்றைய விலை 85 என்றால் ஃபார்வர்டு விலை 85.42 என்று வரலாம். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்து "வங்கியே டாலர் ஏறும் என்று சொல்கிறதே" என்பார்கள். அது கணிப்பு இல்லை, வட்டிக் கணக்கு. இங்கே வட்டி 6 சதவீதம், அங்கே 4 என்றால் வித்தியாசம் 2. மூன்று மாதத்துக்கு அரை சதவீதம். 85 ரூபாயில் அரை சதவீதம் ஏறத்தாழ 42 பைசா, அவ்வளவுதான். இது புரிந்துவிட்டால் கரன்சி சந்தையில் பாதி புரிந்த மாதிரி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் சொல்வார்.

புக் செய்துவிட்டு டாலர் 90 போனால் வருத்தம் வரும், 80 போனால் நிம்மதி வரும். இரண்டையும் பார்க்காமல், துணி விற்பதில் கிடைக்கும் லாபம் பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதுதான் ஹெட்ஜ்.

விவரம் தெரிந்த கம்பெனிகளே இதில் நஷ்டப்பட்டதாகக் கேள்விப்பட்டேனே?

ஆமாம், எங்கள் ஊரிலேயே. 2007 தொடக்கத்தில் 44 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த டாலர், ஆண்டு முடிவில் 40-க்கும் கீழே வந்துவிட்டது. ஏற்றுமதியில் லாபம் கரைந்தது. அந்த நேரத்தில் சிக்கலான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள், அதாவது கரன்சி விலையைப் பொறுத்து லாபநஷ்டம் மாறும் ஒப்பந்தங்கள், மேஜைக்கு வந்தன. ரூபாய்க்கும் டாலருக்கும் வியாபாரம் செய்தவர்கள், தாங்கள் தொட்டே பார்க்காத யென்னுக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும் கையெழுத்துப் போட்டார்கள். 2008-இல் அந்தக் கரன்சிகள் எதிர்த் திசையில் போனபோது திருப்பூரிலும் கோவையிலும் பெரிய பெரிய தொகை கேட்டு நோட்டீஸ் வந்தது. கோவை ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், இப்படிப்பட்ட ஒப்பந்தம் சூதாட்டம், செல்லாது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2008 அக்டோபரில் ஏற்கவில்லை.

புதியவர்களுக்கு நான் இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணக்கரும் வழக்கறிஞரும் வைத்திருந்த முதலாளிகள் அவர்கள். தனக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை என்ற ஒரு கரன்சியில் கை வைத்தபோதுதான் விழுந்தார்கள்.

டெலிகிராமில் எப்போது வாங்கலாம், விற்கலாம் என்று 'சிக்னல்' கொடுக்கிறார்கள், ஸ்கிரீன்ஷாட்டில் லாபம் தெரிகிறதே?

எனக்குத் தெரிந்த ஒரு தையல்காரரின் மகன் இப்படித்தான் மாட்டினான். முதலில் ஐயாயிரம் போட்டான், ஆறாயிரத்து ஐந்நூறாகத் திரும்பியது. நிஜமாகவே கணக்குக்கு வந்தது. அந்த நம்பிக்கையில் அக்கா நகையை அடகு வைத்து இரண்டு லட்சம் போட்டான். ஆப்பில் ஒன்பது லட்சம் என்று காட்டியது. எடுக்கப் போனால் "முப்பது சதவீதம் வரி முன்கூட்டியே கட்டு" என்றார்கள். அதையும் கட்டினான். அதோடு அந்தக் குழு காணாமல் போனது.

இந்தியாவில் எந்த வரியும் இப்படி ஒரு ஆப்பிடம் கட்டப்படுவதில்லை. "பணம் எடுக்கப் பணம் கட்டு" என்று யாராவது சொன்னால், அங்கே டிரேடிங்கே நடக்கவில்லை, திரையில் வெறும் எண்கள்தான் ஓடியிருக்கின்றன.

ஏற்கெனவே பணம் போய்விட்டது. என்ன செய்வது?

வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதியுங்கள். பரிவர்த்தனை எண், அரட்டைப் பதிவு, ஆப்பின் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். "பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று பின்னால் வருபவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அது பழைய கும்பலின் இரண்டாவது வேலை.

பணம் போடாமல் கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தினமும் டாலர்–ரூபாய் குறிப்பு விலையை எழுதுங்கள், பக்கத்தில் கச்சா எண்ணெய் விலை. வெள்ளிக்கிழமை ரிசர்வ் வங்கி வெளியிடும் அந்நியச் செலாவணி இருப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏறுமா இறங்குமா என்று உங்கள் ஊகத்தையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து எத்தனை சரி என்று எண்ணுங்கள், அதைவிட முக்கியமாக, எழுதிய காரணம் சரியாக இருந்ததா என்று பாருங்கள். இதில் ஆர்வம் தொற்றிக்கொண்டால் செபி அமைத்த பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் கரன்சி டெரிவேட்டிவ்ஸ் தேர்வை எழுதலாம். வங்கிகளிலும் ஏற்றுமதி அலுவலகங்களிலும் இந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. இந்த அறிவால் மாதச் சம்பளம் வாங்குவது நல்ல வழி என்று நான் மனதார நம்புகிறேன்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். எனக்கும் இதே விதியா?

நீங்கள் வசிக்கும் நாட்டின் விதிதான். பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற இடங்களில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. உரிமத்தை அந்த அரசின் பதிவேட்டிலேயே பாருங்கள், ஆப் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். லிவரேஜ் பற்றிச் சொன்ன கணக்கு எந்த நாட்டிலும் மாறாது.

மகன் வெளிநாட்டில் படிக்கப் போகிறான். செப்டம்பரில் 20,000 டாலர் கட்ட வேண்டும். டாலர் ஏறிவிடும் என்று பயமாக இருக்கிறது. நான் டிரேடிங் கற்றுக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம் அம்மா, ஆனால் உங்கள் பயம் நியாயமானது. டாலர் செலவு உண்மையாகவே காத்திருக்கிறது அல்லவா, ஹெட்ஜ் என்பதே உங்களைப் போன்றவர்களுக்குத்தான். கல்லூரி தவணையாக வாங்கிக்கொள்ளும் என்றால், பணத்தைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் மாற்றாமல், நாலைந்து மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்கள். ஒரு நாளின் விலைக்கு மொத்தத்தையும் ஒப்புக்கொடுக்காமல் இருக்கலாம்.

அடுத்தது வங்கி சொல்லும் விலை. கிளையில் போய் நின்றால் அன்றைய கார்டு ரேட் என்று ஒன்றைச் சொல்வார்கள். சந்தை விலையைவிட அது ஒரு ரூபாய் வரைகூட அதிகமாக இருக்கலாம். 20,000 டாலருக்கு ஒரு ரூபாய் என்றால் இருபதாயிரம் ரூபாய். அதனால் போவதற்கு முன் அந்த நேரத்துச் சந்தை விலையை ஃபோனில் பார்த்துக்கொள்ளுங்கள், "உங்கள் வங்கியில் டாலர் விலை சொல்லும் டிரெஷரி பிரிவில் கேட்டுக் குறைத்துச் சொல்லுங்கள்" என்று மேலாளரிடம் நேராகக் கேளுங்கள். இரண்டு வங்கிகளில் ஒரே மணி நேரத்தில் விலை கேளுங்கள், அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள். காலை பத்து மணிக்கு மேல் போங்கள், அதற்குள் சந்தை நிலைக்கு வந்திருக்கும். விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.